ஃபேன்சி ஃபேரில் தமிழ் மன்றக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸ் பள்ளிகளில் ஃபேன்சி ஃபேர் என்னும் பள்ளிச் சந்தை நாளன்று மாணவர் மன்றங்கள் கடை போட்டு நிதி திரட்டுவது நெடுநாள் வழக்கம். உயர்நிலைப் பள்ளித் தமிழ் மன்றம் ஒன்றுக்குப் பொறுப்பாசிரியராக இருப்பதால், மற்றப் பள்ளிகளின் மாணவர்களும் பெற்றோரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ் மன்றத்தை மனத்தில் வைத்து எழுதினாலும், சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் நாடகக் குழுவுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

எதிலிருந்து தொடங்குவது?

தொகையிலிருந்து. “முடிந்த வரை திரட்டுவோம்” என்று கிளம்பும் மன்றம் பாதி வழியில் களைத்துவிடும். எட்டுப் பேருக்கு நாடக உடை, ஒத்திகைக்குப் போய்வர வேன் வாடகை, ஒரு மிருதங்கத்துக்குப் புதுத் தோல் என்று தேவையைப் பொருள் பொருளாக எழுதிக் கூட்டுங்கள். அதே பட்டியலைப் பெரிய அட்டையில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிடுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தவர்கள் மீதிச் சில்லறையைத் திரும்பக் கேட்பதில்லை. இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அடுத்த வேலை பள்ளித் தலைவரான ரெக்டரைச் சந்திப்பது. கடைக்கு எந்த இடம், தண்ணீரும் மின்சாரமும் கிடைக்குமா, வருமானம் யாருக்கு ஆகிய மூன்றுக்கும் அன்றே விடை வாங்கிவிடுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். சில பள்ளிகளில் எல்லா வசூலும் பெற்றோர் ஆசிரியர் சங்க நிதிக்குப் போகும். சில பள்ளிகளில் செலவு போக மீதியை மன்றம் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே நியாயமான ஏற்பாடுகள்தான். ஆனால் எது என்பது ஒரு கிலோ அரிசி வாங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று வாரம் உழைத்த பிள்ளைகளிடம் விழா முடிந்த பிறகு “பணம் உங்களுக்கு இல்லை” என்று சொல்லும் நிலை எந்த ஆசிரியருக்கும் வரக்கூடாது.

எந்த மாதம் நல்லது?

தேதியைப் பள்ளிதான் முடிவு செய்யும். ஆனாலும் கருத்துக் கேட்டால் ஜூன், ஜூலையைச் சொல்லுங்கள். நவம்பர் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கை வந்து பள்ளி மூடப்பட்டால், வெட்டி வைத்த காய்கறி அத்தனையும் வீண். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிந்தன் விரதம் இருப்பவர்கள் மிகுதி என்பதால் சைவச் சாப்பாடு நன்றாக விற்கும். ஆனால் எஸ்.சி., எச்.எஸ்.சி. என்னும் பொதுத் தேர்வுகளை எழுதும் மாணவர்கள் அப்போது படித்துக்கொண்டிருப்பார்கள். மூத்த மாணவர்கள் இல்லாமல் கடை நடத்துவது சிரமம்.

கியூர்பீப், வாக்குவா பக்கத்துப் பள்ளிகள் எந்த மாதமானாலும் கூரையுள்ள இடமாகக் கேட்டு வாங்குங்கள். மேட்டு நிலத்தின் தூறல் குளிர்காலத்திலும் ஓய்வதில்லை.

என்ன விற்றால் போகும்?

ஃபேன்சி ஃபேரில் பத்துக் கடை இருந்தால் ஆறில் எண்ணெய் கொதிக்கும். மிளகாய் வடை, சமோசா, வறுத்த நூடுல்ஸ், ஆவியில் வெந்த உருண்டைகள், அலூதா என்னும் குளிர்ந்த பால் பானம் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஏழாவதாக நீங்களும் ஓர் எண்ணெய்ச் சட்டி வைத்தால், இருக்கிற வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் முடியும்.

தமிழ் மன்றத்திடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. காவடித் திருநாளில் கோயிலில் அதைச் சாப்பிட்டவர்கள் தமிழர்கள் மட்டும் அல்லர். கிரியோல் குடும்பங்களுக்கும் சீனக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் அந்தச் சுவை தெரியும், அதைத் தேடி வருவார்கள். முழுக்க முழுக்கச் சைவம் என்பதால் ஹலாலா, மாட்டிறைச்சி கலந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தத் தீவில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய உணவு அது. பூசணி, பலாக்காய், வாழைக்காய், கத்திரிக்காய், பீன்ஸ் என்று கறிகள், தேங்காய்ச் சட்னி, அப்பளம், ரசம், கடைசியில் பாயசம். ஏழையும் வைக்க முடியாவிட்டால் ஐந்து வையுங்கள், ஆனால் பலகையில் “ஏழு கறி” என்று எழுதாதீர்கள். எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இலை விஷயத்தில் இன்னொரு வசதியும் உண்டு. 2021 ஜனவரி 15 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. மற்றக் கடைகள் காகிதப் பெட்டிக்குச் செலவழிக்கும்போது, உங்களுக்கு இலை யாராவது ஒரு மாணவர் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும். முந்தின நாள் மாலை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பொட்டலமாகக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால் நடு நரம்பைச் சீவிவிட்டு, இலையைத் தணலுக்கு மேலே ஒரு முறை மெதுவாக இழுங்கள். வெளிர்ப் பச்சை நம் கண் முன்னே கரும்பச்சையாக மாறிக்கொண்டு போகும், மேல்புறம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதன் பிறகு எப்படி மடித்தாலும் இலை கிழியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டு விட்டால் மற்ற வேலைக்கு வர மறுக்கிறார்கள், அத்தனை ஆசை. தணல் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்பது மட்டும் கட்டாயம்.

எங்கள் மன்றம் சிறியது, சமைக்க ஆளில்லை. என்ன செய்யலாம்?

பெயர் எழுதும் மேசை போடுங்கள். நான்கு மாணவர்கள், ஒரு மேசை, நல்ல அட்டைகள், தூரிகைப் பேனாக்கள். வருபவரின் பெயரைத் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்து 25 ரூபாய் வாங்குங்கள். முதலீடு என்று பார்த்தால் அட்டையும் மையும்தான். மனமார இதைப் பரிந்துரைக்கிறேன். தமிழ் கற்பதால் என்ன பயன் என்று கேட்கப்படும் பிள்ளைகள், தமிழ் தெரிந்த ஒரே காரணத்தால் அன்று வரிசையில் ஆட்களை நிற்க வைக்கிறார்கள்.

முறை இதுதான். வந்தவர் பெயரை எழுதிக் காட்ட வேண்டாம், வாயால் சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் பிரெஞ்சுப் பெயர்கள் தடுமாற வைக்கும், காதால் கேட்டால் எளிது. ழான், ஃபிரான்சுவா, மிஷேல் என்று ஒலியைப் பிடித்துப் பென்சிலால் முதலில் எழுதி, பக்கத்தில் இருக்கும் மாணவர் சரிபார்த்த பிறகுதான் மை. குறில் நெடில் தவறிய அட்டையை விற்கவே கூடாது. அந்த அட்டை பத்து ஆண்டு ஒரு வீட்டுச் சுவரில் இருக்கப் போகிறது. எங்கள் மேசையில் ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதி வாங்கினார். எழுதிய மாணவி ‘ழ’வின் கடைசிச் சுழியைப் போட்டு முடிக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், பாட்டியும் அப்படியே.

மல்லிகைச் சரம் கட்டுவது, மருதாணி இடுவது, கோலப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வைப்பது ஆகியவையும் நன்றாக நடக்கும்.

விலையை எப்படி முடிவு செய்வது?

பக்கத்துக் கடையைப் பார்த்து வேண்டாம், கணக்குப் போட்டு. இதை மாணவர்களே செய்யட்டும். உதாரணத்துக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு சாப்பாட்டுக்கு அரிசி, காய்கறி, மளிகை எல்லாம் சேர்த்து 70 ரூபாய் ஆகிறது. எத்தனை சாப்பாடு விற்றாலும் மாறாத செலவு, அதாவது காஸ் சிலிண்டர், அண்டா வாடகை, வண்டி, 3,000 ரூபாய். விலை 150 ரூபாய். ஒவ்வொரு சாப்பாட்டிலும் 80 ரூபாய் மிஞ்சுகிறது. 3,000 ரூபாயை எடுக்க 38 சாப்பாடு விற்க வேண்டும், அதற்கு மேல்தான் மன்றத்துக்கு வருமானம்.

இப்போது முக்கியமான இடம். 150 சாப்பாடு சமைத்து எல்லாம் விற்றால் மிச்சம் 9,000 ரூபாய். அதே 150 சமைத்து 110 மட்டும் விற்றால் மிச்சம் 3,000 ரூபாய்தான். நாற்பது சாப்பாடு தேங்கியதற்கு ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது. கடையில் கூட்டம் அலைமோதியதே, ஏன் கையில் காசில்லை என்று குழம்பும் மன்றங்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். விலையை ஐந்து ரூபாய் ஏற்றுவதா குறைப்பதா என்று ஒரு மணி நேரம் விவாதிக்கிறார்கள், எத்தனை சமைப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

அப்படியென்றால் எத்தனை சாப்பாடு சமைப்பது?

முன்பதிவு சொல்லும். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு கூப்பன் விற்கத் தொடங்கி, நான்கு நாள் முன்பு நிறுத்திவிடுங்கள். விற்ற கூப்பன் எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிச் சமைத்தால் போதும். அடுப்பு மூட்டும் முன்பே அரிசிக்கும் காய்கறிக்கும் பணம் கையில் இருக்கும், யாரிடமும் கடன் கேட்க வேண்டாம். சோற்றுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் நூறு பேருக்குப் பத்துக் கிலோ.

கூப்பனில் வரிசை எண் இருக்க வேண்டும். அடிக்கட்டை மன்றத்திடமே இருக்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒவ்வொரு மாணவரும் இத்தனை கூப்பன் விற்றே ஆக வேண்டும் என்று சொல்லலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது. கூப்பன் புத்தகம் வீட்டுக்குப் போனால், உறவினரும் அலுவலக நண்பர்களும் உள்ள பெற்றோர் ஒரே நாளில் விற்றுவிடுவார்கள். கரும்புத் தோட்டத்திலோ துணி ஆலையிலோ கூலி வேலை பார்க்கும் தாய், மிஞ்சிய கூப்பனுக்குத் தன் பணத்தையே வைத்துக் கொடுப்பார். யார் எத்தனை விற்றார்கள் என்று வகுப்பில் வாசிக்கும்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். நாடக உடைக்காக ஒரு குழந்தையைத் தலைகுனிய வைக்க வேண்டாம்.

விரும்புகிறவர்கள் விற்கட்டும். மற்றவர்கள் இலை துடைக்கட்டும், பலகை எழுதட்டும், சில்லறை எண்ணட்டும். விற்காத கூப்பனைக் கேள்வி இல்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இடைவேளையில் பள்ளி வாசலில் ஒரு மேசை போட்டு மன்றமே கூப்பன் விற்றால், யார் மீதும் சுமை இல்லாமல் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

விழா நாளில் பணத்தை யார் கையாள்வது?

எப்போதும் இருவர். ஒருவர் பணம் வாங்குவார், மற்றவர் எழுதுவார். உணவு பரிமாறும் கை பணத்தைத் தொடக்கூடாது. இது கணக்குக்கும் நல்லது, சுகாதாரத்துக்கும் நல்லது.

காலையில் சில்லறையோடு தொடங்குங்கள். பத்து, இருபது ரூபாய் நாணயங்களும் 25, 50 ரூபாய் நோட்டுகளும் வங்கியில் முந்தின நாளே வாங்கி வைக்க வேண்டும். முதலில் வரும் நான்கு பேரும் ஆயிரம் ரூபாய் நோட்டைத்தான் நீட்டுவார்கள். பெட்டியில் வைத்த ஆரம்பச் சில்லறை எவ்வளவு என்று நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மாலையில் அதையும் லாபமாக எண்ணிவிடுவீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் பெரிய நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். மாலையில் எண்ணும்போது இளைய மாணவர்களையும் அருகில் உட்கார வையுங்கள். நம் நாட்டு நோட்டுகளில் மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. நூறு ரூபாயில் இருப்பவர் 1950களில் கல்வி அமைச்சராக இருந்த ரெங்கநாதன் சீனிவாசன், நம்மவர். கட்டுக் கட்டும் வேளையில் இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஜூஸ் என்னும் வங்கிச் செயலி வழியாகப் பணம் வாங்கலாமா?

வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். ரொக்கம் கொண்டு வராத பெற்றோர் நிறைய. ஆனால் யாருடைய கணக்குக்கு? ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு வாங்கவே வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். சந்தேகம் வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட அது வர இடம் கொடுக்காமல் இருப்பது அவருக்கும் பாதுகாப்பு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். பணம் செலுத்தியவர் திரையைக் காட்டினால் போதாது. தொகையையும் நேரத்தையும் எழுதுபவர் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் சங்கப் பொருளாளர் வங்கிப் பட்டியலோடு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

பரிசுச் சீட்டுக் குலுக்கல்?

நான் ஆதரிப்பதில்லை. பணம் கட்டி அதிர்ஷ்டப் பரிசு பெறும் எதுவும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் எல்லைக்குள் வரக்கூடியது. நடத்தியே தீர வேண்டும் என்றால், அனுமதி தேவையா என்று பள்ளி வழியாக எழுதிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, பிள்ளைகள் உழைத்துச் சம்பாதிக்கக் கற்கும் நாளில் குலுக்கல் எதற்கு?

உணவு கெட்டு யாருக்காவது உடல்நலம் பாதித்தால்?

அந்தப் பயம் இருப்பது நல்லது. சமைப்பவர்களில் பொறுப்பாக இருப்பவரிடம் சுகாதாரத் துறை வழங்கும் உணவு கையாள்வோர் சான்றிதழ் இருக்கட்டும். கோயில் சமையல்காரர்களைக் கேட்டால் வழி கிடைக்கும். பள்ளி வளாகத்தில் எந்த உணவை விற்கலாம் என்பதற்கு 2009 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. உங்கள் பட்டியலை ரெக்டரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறுங்கள். குளிர்பானத்தை நம்பிக் கடை போடாதீர்கள்.

மற்றது நேரக் கணக்கு. சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. சூடான கறி 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது சிறு தீயில் அடுப்பிலேயே இருக்க வேண்டும். சோற்றை ஒரே அண்டாவாக விடியற்காலையில் வடித்து வைக்காதீர்கள். பதினொரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று என்று இரண்டு உலையாகப் போடுங்கள். தேங்காய்ச் சட்னியைக் கடைசியில் அரையுங்கள். கை கழுவக் குழாய் அருகில் இல்லையென்றால், திருகு குழாய் வைத்த பெரிய தண்ணீர்க் கலனும் சோப்பும் கொண்டு வாருங்கள்.

நிறுவனங்களிடம் நன்கொடை கேட்கலாமா?

2009 முதல் நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கேள்விப்பட்டு மன்றங்கள் பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுகின்றன. அந்தப் பணம் பெரும்பாலும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களின் திட்டங்களுக்குப் போகிறது. பள்ளி மன்றத்துக்கு ஏற்ற வாசல் அது அன்று. தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள், ரொக்கமாக வேண்டாம், பொருளாக. பத்துக் கிலோ பருப்பு, ஐந்து லிட்டர் எண்ணெய். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதி, விழா அன்று அவருக்கு ஓர் இலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

பெற்றோர் கடையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எப்படிச் சொல்வது?

மரியாதையோடு, முன்கூட்டியே. அடுப்பு, கத்தி, கொதிக்கும் அண்டா ஆகியவை பெரியவர்களுடையவை. மேசைக்கு முன்பக்கம் முழுக்க மாணவர்களுடையது. இந்தப் பிரிவைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வரிசை நீளும்போது அம்மாக்களுக்குக் கை பரபரக்கும், “நகரு, நான் போடுகிறேன்” என்று கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். அன்பினால்தான். அந்த நேரத்தில் ஒரு பெரியவரை வரிசையில் நிற்பவர்களோடு பேச அனுப்புங்கள். பிள்ளைகள் மெதுவாகத்தான் பரிமாறுவார்கள், சில்லறையை இரண்டு முறை எண்ணுவார்கள். அது நடக்கட்டும். இரண்டாயிரம் ரூபாய் குறைவாக வந்தாலும், விலையும் அளவும் கணக்கும் தாங்களே பார்த்த பிள்ளைகள் கிடைத்தால் அந்த மன்றம் பிழைத்துக்கொள்ளும். பெரியவர்களே நடத்திய கடை எவ்வளவு சம்பாதித்தாலும், அடுத்த ஆண்டு மறுபடி பெரியவர்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கடையில் எந்த மொழியில் பேசுவது?

வருபவர் மொழியில். பெரும்பாலும் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். பலகையில் உணவுப் பெயர்கள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கட்டும். “வணக்கம்”, “நன்றி” இரண்டையும் மாணவர்கள் வெட்கப்படாமல் சொல்லட்டும்.

கணக்கை எப்போது, எப்படி வெளியிடுவது?

ஒரு வாரத்துக்குள், ஒரே தாளில், மன்ற அறிவிப்புப் பலகையில். வரவு, செலவு, மீதி, மீதி எங்கே இருக்கிறது. ரசீதுகளைப் பின்னால் இணைத்து வையுங்கள். பொருளாளர் மாணவரும் பொறுப்பாசிரியரும் சங்கப் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். இலக்கை விட அதிகம் வந்திருந்தால், அதை என்ன செய்வது என்று மன்றக் கூட்டம் முடிவு செய்யட்டும். ஆசிரியர் அறையில் அந்த முடிவு எடுக்கப்படக் கூடாது.

அதோடு இன்னொரு தாளும் எழுதி வையுங்கள். எத்தனை சாப்பாடு சமைத்தோம், எத்தனை மிஞ்சியது, எந்தக் கறி முதலில் தீர்ந்தது, எந்த மணிக்குக் கூட்டம் அதிகம், அண்டாவை எங்கே வாடகைக்கு எடுத்தோம். மூத்த வகுப்பு விடைபெற்றுப் போனால் இவை அனைத்தும் அவர்களோடு போய்விடுகின்றன, அடுத்த குழு சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

ஆரம்பப் பள்ளியிலும் இதைச் செய்யலாமா?

பெயர் எழுதும் மேசையை ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே நடத்துவார்கள். கூடவே ஓர் ஆசிரியர் உட்கார்ந்தால் போதும். முழுச் சாப்பாடு வேண்டாம். பாயசமும் சுண்டலும் மட்டும் வையுங்கள். விலையைப் பத்து அல்லது இருபது ரூபாயாக முழுமையாக்கிவிட்டால் சில்லறைத் தொல்லை இராது.